சகலாத்தைத் தின்ற பூச்சிக்கு எந்த ஊர்?

பழவேற்காட்டில் மீனுக்கு ஊர் உண்டு, நண்டுக்கு ஊர் உண்டு, கரையொதுங்கும் மரக்கட்டைக்குக்கூட ஊர் உண்டு. அந்துப்பூச்சிக்கும் ஊர் உண்டு என்று டச்சுக்கார ஒல்லாந்தர் ஒருவருக்குத் தோன்றியதால்தான் நான் பத்து மாதக் குழந்தையை இடுப்பில் வைத்துக்கொண்டு தரங்கம்பாடியிலிருந்து கிளம்ப வேண்டியதாயிற்று.

என் கணவர் அருளப்பன் ஆறு மாதமாகப் பழவேற்காட்டு ஒல்லாந்தர் கோட்டையில் எழுத்தராக இருந்தார். அங்கே கிடங்குக்குப் பொறுப்பான துரை அந்துப்பூச்சிகளைப் பற்றி ஒரு நூல் எழுதுகிறார், அது அடுத்த கப்பலில் ஒல்லாந்துக்குப் போக வேண்டும், எனக்குக் கட்டைவிரலில் நகச்சுற்று, உன் கையெழுத்து என்னுடையதைவிட அழகு, உடனே வா என்று எழுதியிருந்தார். கல்யாணமான இரண்டு வருஷத்தில் என்னை அவர் புகழ்ந்தது அதுவே முதல் தடவை. நகச்சுற்று வந்த கை அத்தனை நீளமான கடிதத்தை எப்படி எழுதியது என்று நான் கேட்டிருக்கலாம். கேட்கவில்லை. தரங்கம்பாடிப் பள்ளிக்கூடத்தில் பெண்பிள்ளைகளுக்கு எழுத்தும் போர்த்துக்கேய பாஷையும் கற்றுத்தந்தார்கள். கேள்வி கேட்கக் கற்றுத்தந்ததாக நினைவில்லை.

மூட்டையில் குழந்தை ரூத்துக்குத் துணிகள், வசம்பு, எல்லா நோவுக்கும் கொடுக்கும் ஓம நீர், அதோடு ஒரு கம்பளி. எங்கள் ஊர் டென்மார்க் வைத்தியரின் மனைவி, குழந்தை பிறந்தபோது தந்த கம்பளி அது. எங்கள் ஊர் வெயிலில் அதைப் போர்த்தினால் பிள்ளை வெந்துவிடும். ஆனாலும் பெரிய இடத்துப் பரிசு. விட்டுவிட்டுப் போனால் அவர்கள் மனம் நோகுமோ என்று எடுத்துவைத்தேன். பிறகு, எடுத்துப் போனால் கடல்நீர் பட்டுக் கெடுமோ என்று கவலைப்பட்டேன்.

முதல் நாள் ஏரி என்னை வரவேற்ற விதத்தைச் சொல்ல வேண்டும். எங்கள் ஊரில் கடல் தன் இடத்தில் நிற்கும். இங்கே அது முகத்துவாரம் வழியாக உள்ளே நுழைந்து, ஏரி என்று பெயர் வைத்துக்கொண்டு, மைல் கணக்கில் முழங்கால் ஆழத்துக்குப் படுத்துக் கிடக்கிறது. தோணி நடு ஏரியில் சேற்றில் தட்டி நின்றது. தோணிக்காரர் கோலை வைத்துவிட்டு, "எல்லாரும் எறங்குங்க" என்றார். நான் குழந்தையைக் காட்டினேன்.

"கொழந்தை எறங்க வாணாம். நீ எறங்கு."

இறங்கினேன். சேறு கணுக்காலைப் பிடித்துக்கொண்டு விட மாட்டேன் என்றது. சற்றுத் தள்ளி நூற்றுக்கணக்கான பூநாரைகள் அதே சேற்றில் ஒற்றைக் காலில் நின்றுகொண்டு என்னைப் பார்த்தன. அவற்றுக்குத் தோணி தள்ளும் வேலை இல்லை.

கோட்டைக்குப் பின்னால் என் கணவருக்கு ஒரு அறை தந்திருந்தார்கள். வாசலில் ஒரு பெண் மண்சட்டியோடு உட்கார்ந்திருந்தாள். கன்னியம்மா என்று பெயர், கோட்டைக்குப்பத்துக்காரி. கோட்டைச் சமையற்கட்டுக்கு மீன் கொடுக்கிறவள். என் கணவருக்கும் அவள் கைக் குழம்புதான் ஆறு மாதமாக.

"இன்னாம்மா, இவ்ளோ மெலிஞ்சு கீறே? ஒன் வூட்டுக்காரரைப் பாரு, எங்க மடவை மீன் துன்னு தொப்பை போட்டுக்கினாரு."

உண்மைதான். மடவைக் குழம்பு அப்படி இருந்தது. எங்கள் ஊர் வஞ்சிரத்தை நான் விட்டுக்கொடுக்க மாட்டேன். ஆனால் அன்றைக்கு மூன்று தடவை சோறு வாங்கிக்கொண்டேன். நகச்சுற்று வந்த கை சட்டியை வழித்ததையும் கவனித்தேன்.

இரண்டாம் நாள் துரையைப் பார்த்தேன். ஒல்லாந்தருக்கும் எங்களுக்கும் பொதுவாக இருந்த போர்த்துக்கேயத்தில் அவர் பேசினார். நல்ல மனிதர். குழந்தையைப் பார்த்துச் சிரித்தார். பிறகு குழந்தையிடமிருந்து பெட்டிகளை நகர்த்தி வைத்தார். நெட்டி பரப்பிய பெட்டிகளில் குண்டூசி குத்திய அந்துப்பூச்சிகள் வரிசையாகச் சிறகு விரித்திருந்தன. இத்தனை வகை உண்டு என்று எனக்குத் தெரியாது. உள்ளங்கை அகலத்தில் கண் வரைந்த பழுப்புப் பூச்சி. பாசி நிறத்தில் பச்சைக் கோலம் போட்ட ஒன்று. அது அரளிச் செடியில்தான் இருக்குமாம். நெல்வயல்களில் வரும் வெள்ளைப் பூச்சி, திருப்பாலைவனத்திலிருந்து. ஒவ்வொன்றின் கீழும் சிறு தாளில் ஊர்ப்பெயர், என் கணவர் கையெழுத்தில்.

"ஒவ்வொரு பூச்சிக்கும் கடவுள் ஓர் எல்லை வகுத்திருக்கிறார். அந்த எல்லையை நான் வரைபடமாக்குகிறேன்" என்றார் துரை.

அவர் பழவேற்காட்டுக்கு வந்து எட்டு வருஷம். அந்த எட்டு வருஷத்தில் ஒரே ஒரு தடவை திருப்பாலைவனம் வரை பல்லக்கில் போயிருக்கிறார். வழியில் பல்லக்கு சுமந்தவர்கள் வழுக்கி, வயல் சேற்றில் அவரை இறக்கிவிட்டார்கள். நெல் பூச்சி அன்றைக்குக் கிடைத்தது. அதற்குப் பிறகு ஊர்க்காரர்கள் பூச்சியைக் கொண்டுவந்து கொடுக்க, ஒரு பூச்சிக்கு ஒரு கை அரிசி என்று வைத்து, இருந்த இடத்திலிருந்தே கடவுளின் எல்லைகளைக் கண்டுபிடித்து வந்தார்.

ஆனால் அவருடைய பெருமையெல்லாம் கடைசிப் பெட்டியில் இருந்தது. அதில் அழகான பூச்சி ஒன்றும் இல்லை. நெல் உமி அளவில், வைக்கோல் நிறத்தில், எல்லாம் ஒரே வகை. சகலாத்து என்னும் சிவப்புக் கம்பளித் துணியைத் துரையின் கிடங்கில் தின்று தீர்த்தது இதுதான். நவாபுக்குப் பரிசாகப் போக வேண்டிய சகலாத்து அது. பிரித்துப் பார்த்தபோது சல்லடையாக இருந்ததாம். ஒல்லாந்தின் மானம் ஓட்டையானதற்குக் காரணமான பூச்சி எந்த ஊரிலிருந்து வருகிறது என்று கண்டுபிடிப்பதுதான் நூலின் கடைசி அத்தியாயம். அதைத்தான் நான் படியெடுக்க வேண்டும்.

மூன்றாம் நாள் காலையில் எழுதத் தொடங்கினேன். எழுத்தருக்குப் புரிய வேண்டும் என்று துரை போர்த்துக்கேயத்தில்தான் எழுதியிருந்தார்; அவர் வாக்கியங்கள் நீளமானவை. அவற்றில் இறங்கினால் ஏரியில் இறங்கினது மாதிரி. அவர் கண்டுபிடித்த விதி இதுதான். இந்தப் பூச்சி ஒரு நாள் கோட்டைக்குப்பத்தில் இருக்கும். மறுநாள் ஆண்டிக்குப்பம். அதற்கடுத்த நாள் நடூர்க்குப்பம். நான்காம் நாள் மறுபடி கோட்டைக்குப்பம். இப்படித் தவறாமல் சுற்றி வருகிறது. ஐரோப்பாவில் எந்தப் பூச்சியும் இத்தனை ஒழுங்காக இடம் பெயர்வதாக யாரும் எழுதியதில்லை. வரைபடத்தில் மூன்று குப்பங்களையும் சேர்த்து ஒரு வட்டம் போட்டு, அம்புக்குறிகளும் போட்டிருந்தார்.

நாள் கணக்குப் பார்த்துப் பறக்கிற பூச்சி! எனக்குச் சிரிப்பு வந்தது. படித்தவர் சொல்கிறார், எனக்கென்ன தெரியும் என்று அடக்கிக்கொண்டேன்.

கடைசிப் பக்கத்துக்கு வந்தபோது சிரிப்பு நின்றது. மூன்று ஊர்களில் கோட்டைக்குப்பத்திலிருந்துதான் அதிகப் பூச்சிகள் கிடைத்திருக்கின்றன. ஆகவே அது பிறக்கும் இடம் கோட்டைக்குப்பத்தின் பனையோலைக் கூரைகள். ஆகவே புதிய சகலாத்து மூட்டைகளைக் கிடங்கில் அடுக்குவதற்கு முன்னால் அந்தக் கூரைகள் அத்தனையும் பிரித்து எரிக்கப்பட வேண்டும். கோட்டைத் தலைவரின் கையொப்பத்துக்கு இடம் விட்டிருந்தது. நாள், வருகிற திங்கட்கிழமை.

வெளியே வடகிழக்கில் மேகம் கட்டிக்கொண்டிருந்தது. மழைக்காலம் தொடங்கப் பத்து நாள்கூட இல்லை.

நான் எழுந்து கணவரைத் தேடினேன். திரும்பி வருவதற்குள் ரூத்து மேசைக்கடியில் இருந்த தாள் மடிப்பு ஒன்றைப் பிரித்து, உள்ளே இருந்ததை வாயில் போட்டுக்கொண்டிருந்தாள். உதட்டோரம் வைக்கோல் நிறத்தில் ஒரு சிறகு. தாளில் 'ஆண்டிக்குப்பம்' என்று எழுதியிருந்தது. நான் போட்ட சத்தத்தில் கோட்டைச் சிப்பாய் ஒருவன் வாசலுக்கு வந்துவிட்டான். பூச்சி இன்னும் குண்டூசி குத்தாதது என்று என் கணவர் சத்தியம் செய்தார். நான் ஊசிப் பெட்டியை நான்கு தடவை எண்ணினேன்.

சட்டி வாங்க வந்த கன்னியம்மாதான் குழந்தையின் வாயைத் திறந்து பார்த்தாள்.

"அய்ய, இதுக்கா இந்தக் கூச்சல்? பூச்சி துன்னாத கொழந்தை எந்த ஊர்ல கீது? எம் பொண்ணு நண்டையே உயிரோட கடிச்சா. நண்டுதான் அழுவுச்சு."

குழந்தை சிரித்தது. நான் அழுதேன். குழந்தைக்காக மட்டும் இல்லை. எதிரே உட்கார்ந்து என் பிள்ளையைத் தட்டிக்கொடுக்கிறவளின் கூரையை எரிக்கச் சொல்லி இப்போதுதான் அழகான கையெழுத்தில் எழுதி முடித்திருந்தேன்.

அவளிடம் சொல்லவில்லை. சொன்னால் என் கணவர் கோட்டை ரகசியத்தை வெளியே விட்டவர் ஆவார். சொல்லாவிட்டால் நான் யார் ஆவேன் என்று யோசித்துக்கொண்டே, "துரைக்கு எண்ணிக்கை குறையுமே, ஆண்டிக்குப்பத்துப் பூச்சி ஒன்று வேண்டுமே" என்று மட்டும் சொன்னேன்.

"இன்னிக்குக் கெடைக்காது. இன்னிக்கு எங்க பாடு. நாளைக்கு ஆண்டிக்குப்பம் பாடு. நாளைக்கு வா, புடிச்சுத் தரேன்."

பாடு என்றால் முறை. ஏரியில் மீன் நன்றாகப் படும் இடங்களில் மூன்று குப்பங்களும் ஆளுக்கொரு நாள் முறை வைத்து வலை போடுகிறார்கள். இன்னொரு ஊர் முறையன்று யாரும் அங்கே வலையை நனைக்க மாட்டார்கள். இதெல்லாம் சரி, பூச்சிக்கும் இதற்கும் என்ன சம்பந்தம் என்று எனக்கு விளங்கவில்லை.

நான்காம் நாள் காலையில் விளங்கியது. ஆண்டிக்குப்பத்துக்குத் தோணியில் போகப் போகிறோம் என்று நான் சேலையை முழங்காலுக்கு ஏற்றிக் கட்டிக்கொண்டு நின்றேன். கன்னியம்மா என்னைக் கோட்டையைச் சுற்றிப் பின்பக்கம் அழைத்துப் போனாள். கிடங்கின் பின்சுவர். மீன் விற்க வரும் பெண்கள் சமையற்காரனுக்காகக் காத்திருக்கும் நிழல் அதுதான். காற்றுப் போக விட்டிருந்த ஓட்டை ஒன்றுக்குள் கையை விட்டு, ஏரிச் சேற்றில் இறால் தடவுகிறவள்போலக் கண்ணை மூடிக்கொண்டு தடவினாள். கையை எடுத்து விரித்தாள். உமி அளவில், வைக்கோல் நிறத்தில் ஒன்று, வெளிச்சம் பட்டதும் விரல் இடுக்குக்குள் ஓடி ஒளிந்தது.

"இந்தா, ஆண்டிக்குப்பம்."

"இது கிடங்குப் பூச்சி அல்லவா?"

"எங்க புடிச்சா இன்னா? இன்னிக்கு அவங்க பாடு. அவங்க பாடு நாள்ல கைக்கு வந்ததை எங்க ஊருதுன்னு சொன்னா நாக்கு அழுவிப்பூடும். ஏரில ஒடைஞ்ச பானை வந்தாலும் அப்படித்தான். ஒன் வூட்டுக்காரரு, 'இது எந்த ஊரைச் சேர்ந்தது'ன்னு கேப்பாரு. உள்ளதைச் சொல்லுவோம்."

"எல்லாப் பூச்சியும் இங்கேயே பிடித்ததா?"

"பெருசு பெருசா கீறதெல்லாம் வெளிய புடிச்சது. இந்தப் பொடிசு வேற எங்க கீது? வெளக்குக்குக்கூட வர மாட்டேங்குது. எங்க குப்பத்துல ஒண்ணுகூடப் பாத்ததில்ல. எங்க பாடு நாள்லதான் நாங்க நெறய பேரு மீனோட இங்க வந்து குந்துவோம். சும்மா குந்தறதுக்கு, ஓட்டையில கைய வுட்டா அரிசி. துரை சோக்கான ஆளு."

வட்டமும் அம்புக்குறியுமாக ஐரோப்பாவையே வியக்க வைக்கப்போகிற விதி, மீனவர்களின் முறைக் கணக்கு. பூச்சி கிடங்கை விட்டு ஒரு முழம்கூட நகரவில்லை. அதிகமாகப் பிடித்துக் கொடுத்த ஊரே அதிகமாகக் குற்றம் செய்த ஊர் ஆகியிருந்தது.

மத்தியானச் சோற்றின்போது கணவரிடம் சொன்னேன். அவர் நண்டுக்காலை வாயிலிருந்து எடுத்தார்.

"தாள் எல்லாம் என் கையெழுத்து, ஞானப்பூ. நான்தான் கேட்டேன், நான்தான் எழுதினேன். இப்போது போய்ப் பொய் என்று சொன்னால், 'ஆறு மாதமாக என்ன கேட்டாய்' என்பார்."

"கூரை போனால் மழையில் அவர்கள் எங்கே போவார்கள்?"

"அதையும் யோசித்தேன்."

"எப்போது?"

"நகச்சுற்று வந்தபோது."

அப்போதுதான் அந்த நோய் எனக்குப் புரிந்தது. அந்தக் கடைசிப் பக்கத்தைத் தன் கையால் எழுத அவருக்கு விரல் வரவில்லை. அதற்காகப் பெண்டாட்டியைக் கடல் கடந்து வரவழைத்திருக்கிறார். கோபத்தில் நான் நண்டைத் தொடவில்லை. பிறகு பால் கொடுக்கிற உடம்பாயிற்றே என்று சாப்பிட்டேன்.

அன்று மாலை தூறல் காற்று வீசியது. குழந்தைக்குக் குளிருமோ என்று முதல் தடவையாக அந்தக் கம்பளியை மூட்டையிலிருந்து எடுத்து உதறினேன். நெல் உமிபோல ஒன்று பறந்து, வெளிச்சத்துக்குப் பயந்து மூட்டைக்கடியில் ஓடியது. கம்பளியின் மடிப்பில் வட்ட வட்டமாக ஓட்டைகள். சிறு வெள்ளைப் புழு ஒன்று கம்பளி மயிரையே கூடாகச் சுற்றிக்கொண்டு நகர்ந்தது. என் பிள்ளையின் மூட்டையில்! முதலில், நான்தான் பழவேற்காட்டுக்கு இதைக் கொண்டுவந்துவிட்டேனோ என்று நடுங்கினேன். நான் வருவதற்கு முன்பே சகலாத்து சல்லடையாகிவிட்டது என்பது கொஞ்ச நேரம் கழித்துத்தான் நினைவுக்கு வந்தது. அரளிப் பூச்சி அரளி இருக்கும் இடத்தில். நெல் பூச்சி நெல் இருக்கும் இடத்தில். கம்பளிப் பூச்சி கம்பளி இருக்கும் இடத்தில். கோட்டைக்குப்பம் முழுக்கத் தேடினாலும் ஒரு சாண் கம்பளி கிடைக்காது. கப்பலில் கம்பளியைக் கட்டிக்கொண்டு வருகிறவர்கள் யார் என்று கேட்க ஒரு பள்ளிக்கூடமும் வேண்டியதில்லை.

ஐந்தாம் நாள் படியெடுத்த தாள்களைத் துரையிடம் கொடுக்கப் போனோம். பேசுவதில்லை என்றுதான் முடிவு செய்திருந்தேன். வழியில் பேசுவது என்று மாற்றினேன். படியேறும்போது மறுபடி மாற்றினேன். துரை தாள்களைப் புரட்டி, "முத்துப்போல எழுத்து" என்றார். கடைசிப் பக்கத்தைத் தலைவரிடம் அனுப்ப மெழுகை உருக்கத் தொடங்கினார்.

மெழுகு ஒரு சொட்டு விழுந்தது. நான் கம்பளியை மேசைமேல் விரித்தேன்.

"துரையே, இது எந்த ஊரைச் சேர்ந்தது?"

என் கணவர் மேல்கூரையைப் பார்த்தார். துரை பூதக்கண்ணாடியை எடுத்துக் குனிந்தார். கடைசிப் பெட்டியைத் திறந்து பக்கத்தில் வைத்துப் பார்த்தார். வெகுநேரம் பார்த்தார். "அதே பூச்சி. இது எங்கே கிடைத்தது?"

"தரங்கம்பாடியில். டென்மார்க் வைத்தியர் வீட்டுக் கம்பளி. அது கப்பலில் வந்தது. அதனால், துரையே, கம்பளி வருகிற கப்பலில்தான், உங்கள் சகலாத்து மூட்டையிலேயே..."

"எங்கள் கப்பல்களைத் தினமும் கழுவுகிறோம்" என்றார் துரை. பிறகு அவர் முகம் மெல்ல மலர்ந்தது. எட்டு வருஷத்தில் அவருக்கு அப்படியொரு சந்தோஷம் வந்திருக்காது. "டென்மார்க்காரர்கள்! இத்தனை நாள் என் கண்ணுக்கு எதிரே! நம் வியாபாரத்தைக் கெடுக்கப் பூச்சியை அனுப்பியிருக்கிறார்கள்!"

ஒரு குப்பத்துக் கூரைகள் எம்மாத்திரம்? இப்போது அவருக்கு ஒரு ராச்சியமே எதிரியாகக் கிடைத்திருக்கிறது. கடைசிப் பக்கத்தைக் கிழித்து மெழுகுச் சுடரில் காட்டினார். வட்டத்தையும் அம்புக்குறிகளையும் அழித்துவிட்டு, தெற்கே தரங்கம்பாடியிலிருந்து பழவேற்காட்டுக்கு நேராக ஒரே ஒரு பெரிய அம்பு போட்டார். பெட்டியிலிருந்த தாள்களை எல்லாம் மாற்றச் சொன்னார். அத்தனையிலும் 'தரங்கம்பாடி' என்று நானே எழுதினேன். என் சொந்த ஊரின் பெயரை அத்தனை தடவை நான் எழுதியதே இல்லை. உண்மையைச் சொல்லப் போய் இன்னொரு பொய்யை எழுதிவிட்டோமே, இன்னும் உரக்கச் சொல்லியிருக்க வேண்டுமோ என்று ஒவ்வொரு தாளிலும் யோசித்தேன். ஆனால் என் கை நிற்கவில்லை. பக்கத்தில் என் கணவரும் எழுதினார். நகச்சுற்று ஆறிவிட்டிருந்தது.

கம்பளியைத் துரை திருப்பித் தரவில்லை. அது சாட்சிப் பொருளாம். தலைவர் பார்க்கும்வரை பத்திரமாக இருக்க வேண்டும் என்று கோட்டையிலேயே அதிகப் பூட்டு உள்ள இடத்தில், கிடங்கில், அன்று காலை வந்து இறங்கிய புதிய சகலாத்து மூட்டைகளின் மேல் வைத்துப் பூட்டினார். நான் வாயைத் திறந்தேன். என் கணவர் என் காலை மிதித்தார். மூடிக்கொண்டேன்.

ஆறாம் நாள் தோணி ஏறினேன். கன்னியம்மா ஓலைப்பெட்டியில் இறால் கருவாட்டைக் கட்டிக்கொண்டு வந்து வழியனுப்பினாள். கூரை விஷயத்தை அப்போதுதான் அவளிடம் சொன்னேன். அவள் ஓலைப்பெட்டியைத் தோணிக்குள் வைத்தாள். ரூத்தின் கன்னத்தைக் கிள்ளினாள்.

"கடைசில பூச்சி எந்த ஊருதுன்னு கண்டுபுடிச்சாரா?"

"எங்கள் ஊருதாம்."

"ஐயோ! அப்ப ஒங்க ஊர்க் கூரையைப் பிரிக்கச் சொல்லுவாரா?"

"அது வேறு ராசாவின் ஊர். இவர் கை அங்கே எட்டாது."

கன்னியம்மா தோணியை ஒரு தள்ளுத் தள்ளிவிட்டுச் சொன்னாள்: "நல்ல ஊராத்தான் பாத்துக் குடுத்துக்கீறே."

நடு ஏரிக்கு வரும்போது தூறல் பிடித்துக்கொண்டது. தோணி பழைய இடத்திலேயே தட்டி நின்றது. இந்தத் தடவை யாரும் சொல்வதற்கு முன்னால் நானே இறங்கினேன். முந்தானையால் குழந்தையின் தலையைப் போர்த்திக்கொண்டு திரும்பிப் பார்த்தபோது, கோட்டைக்குப்பத்துக் கூரைமேல் யாரோ ஏறி உட்கார்ந்து புது ஓலை வைத்துக் கட்டிக்கொண்டிருந்தார்கள்.